வெள்ளி மூன்றரைக்கு வரும் படம்

நவம்பர் 3, திங்கள்

காலை முழுதும் தூறல். கடை திறக்க எட்டேகால். ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. எண்ணெய் விட வேண்டும் என்று போன மாதமே எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் விட்டபாடில்லை.

மூன்றாம் நம்பர் மெஷின் மறுபடியும் வேலையைக் காட்டுகிறது. கேமரா அதில்தான் இருக்கிறது, வீடியோவில் பேச வருகிறவர்களை அதில்தான் உட்கார வைக்க வேண்டும். பத்து நிமிடம் ஒழுங்கு. பிறகு குரல் விட்டுவிட்டு வரும், படம் உறைந்து நிற்கும், கடைசியில் அழைப்பே அறுந்துபோகும். இன்று இரண்டு பேருக்கு அப்படி. டுபாயில் இருக்கும் மகனோடு பேச வந்தவர், "மிஸ், பொட்டி செத்துருச்சு" என்று ஏதோ துக்கம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எட்டு மாதம் இந்தக் கடைப் பின்னறையில் கம்பியூட்டர் வகுப்பு நடத்தியதற்கு மிச்சம் இந்த "மிஸ்" ஒன்றுதான். ஸ்பிரிங்வெளி ரோட்டில் பஸ் கண்டக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறான். மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

நாளைக்கு:
வைரஸ் பார்க்க.
பழைய குப்பை ஃபைல்கள் அழிக்க.
சின்னண்ணனுக்குப் போன்.
ஷட்டருக்கு எண்ணெய்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில், பிறகு மூன்று மணிக்கு இடி. இடி இடித்தால் லைனைக் கழற்ற வேண்டும். கழற்றினேன்.

வைரஸ் ஏராளம். பென்டிரைவ் கொண்டு வருகிற கேம்பஸ் பிள்ளைகளின் கைங்கரியம். துடைத்து முடிக்கப் பகல் சாப்பாடு போயிற்று. மெஷின் இப்போது சீக்கிரம் திறக்கிறது. வீடியோ அதே கதை.

சின்னண்ணன் கொழும்பில் கம்பியூட்டர் ரிப்பேர் கடையில் வேலை. போனில் கேட்டால், "வீடியோ பேசுறதுக்குப் புது வெர்ஷன் போட்டியா? அது பழைய மெஷினுக்குச் சுமை. எடுத்துப்போட்டுட்டு பழசப் போடு" என்றான். எடுத்துப்போட்டேன். பழசைத் தேடி இறக்க இரண்டு மணி நேரம், நடுவில் இரண்டு தடவை அறுந்தது. போட்ட பிறகு பொத்தான்கள் எல்லாம் இடம் மாறி, நானே தேட வேண்டியிருக்கிறது. பலன் பூச்சியம்.

எண்ணெய் விடவில்லை.

நவம்பர் 5, புதன்

டெலிபோன் ஆபீசிலிருந்து லைன்மேன் வந்தார். பத்து நாள் சொல்லிச் சொல்லி. கம்பத்தில் ஏறினார், இறங்கினார், என் மேசைக்கடியில் தலையை விட்டார், இன்டர்நெட் பெட்டியின் பச்சை விளக்கைத் தட்டினார்.

"மிஸ், லைன் ஹொந்தாய், நல்லாத்தான் இருக்கு. எங்க பக்கம் பிரச்சின இல்ல."

"அப்ப யார் பக்கம்?"

சிரித்தார். டீ குடித்தார். வருகிற வேகம் நன்றாக இருக்கிறதாம், போகிற வேகம் கொஞ்சம் குறைவுதானாம், எல்லாருக்கும் அப்படித்தானாம். சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் சொன்னதில் எதையும் காதில் வாங்கவில்லை, ஆத்திரம்.

நவம்பர் 6, வியாழன்

க. ஐயா வந்தார். பிரதேச செயலகத்தில் கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர், கனடாவிலிருக்கும் தம்பியோடு பேச மாதம் இரண்டு தரம். வரும்போதே கதவைச் சாத்து, ரேடியோவை நிறுத்து, ஃபேன் வேண்டாம் சளித் தடிமன் பிடிக்கும், பின்னால் தொங்கும் திரைச்சீலையை ஓரமாய் ஒதுக்கு, அது கலியாண வீடுபோல இருக்கு என்பார். இஸ்திரி போட்ட சட்டையில், அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க உட்கார்ந்த மாதிரி உட்காருவார். முக்கால் மணி நேரம். உதடு மட்டும் அசையும். காணி வழக்கு பற்றி ஒரே பேச்சு.

அவருக்கு மட்டும் மெஷின் செத்துப்போகவில்லை. அதற்கும் எரிச்சல் வந்தது எனக்கு.

அவர் போனதும் திரைச்சீலையை இழுத்து விட்டேன். சிவப்பும் தங்கமும், மடிப்பு மடிப்பாய், எட்டு மீட்டர். கடை திறந்தபோது ஆசைப்பட்டு வாங்கியது. சும்மா சுவரைக் காட்டிக்கொண்டா அரபு நாட்டில் இருக்கிறவர்களோடு பேசுவது? சனத்துக்கும் அதுதான் பிடிக்கும். ஃபேன் காற்றில் மின்னும்.

நவம்பர் 7, வெள்ளி

வெள்ளி மூன்றரை. இது மகேஸ்வரி அக்காவின் நேரம். தேயிலைத் தோட்டத்தில் மேல் டிவிசன் லயத்து வரிசை வீட்டுக்காரி, குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. போய் இரண்டரை வருடம். வெள்ளிக்கிழமை மட்டும் அந்த வீட்டு மகள், காலேஜ் பிள்ளை, தன் லேப்டாப்பில் அரை மணி நேரம் பேச விடுகிறது. அரை மணிதான். பிந்தினால் போயிற்று.

இங்கே புருஷன் இராமையா, தேயிலை ஃபெக்டரியில் வேலை. மகள் துர்கா, பன்னிரண்டு வயது. இராமையாவின் தங்கை பாக்கியம். இவர்கள் மூன்று பேர்தான் வர வேண்டியவர்கள். வருவது பதினைந்து. லயத்துச் சனம் யாரும் தனியாக வந்து போன் பேசி நான் பார்த்ததில்லை. போனுக்குப் போகிறார்கள் என்றால் லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவும் கிளம்பும், எதிர்க் காம்பராவும் கிளம்பும். வராமல் இருந்தால் கோபம் என்று அர்த்தமாம். நாற்காலிக்குப் பின்னால் மூன்று வரிசை. பின்வரிசை எட்டிப் பார்க்கும், முன்வரிசை குனியும், கைக்குழந்தை திரைச்சீலையைப் பிடித்து இழுக்கும்.

மகேஸ்வரி அக்கா வந்தார். நம் பக்கம் அவர் படம் நன்றாகத்தான் வந்தது. வெள்ளைச் சுவர், ஏசி அறை, தலையில் துணி.

"மகேசு, தெரியுதா?" இது இராமையா.

"தெரியுது, தெரியுது."

"அண்ணி, நான் புதுச் சீல கட்டியிருக்கேன், தெரியுதா?" பாக்கியம்.

"தெரியுது, நல்லா இருக்கு."

துர்கா வகுப்பில் வரைந்த படமொன்றைத் தூக்கிக் காட்டியது. மயில். அம்மா அழகு என்றார். எட்டாவது நிமிடம் குரல் துண்டு துண்டானது. "கேக்கலங்க... திரும்ப..." பதினோராவது நிமிடம் அறுந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடி அறுந்தது. மூன்றாம் தடவை அந்தப் பக்கம் யாருமில்லை.

துர்கா மயிலைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய் நின்றது. பாக்கியம் என்னைப் பார்த்து, "போன வாரமும் இப்படித்தான் மிஸ்" என்றாள். எனக்குத் தெரியாதா. இந்தப் பெட்டியைத் தூக்கி ஆற்றில் போட வேண்டும்.

நவம்பர் 8, சனி

இராமையா காலையிலேயே வந்தார், தனியாக, அதுவே அதிசயம். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"புள்ள பெரிய மனுசி ஆயிருச்சு மிஸ். நேத்து ராவு."

சந்தோஷம் என்றேன். அவர் முகத்தில் சந்தோஷம் பாதி. மகேஸ்வரி அக்காவுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அடித்து அனுப்பினேன்.

"கோயில் ஐயரு ஞாயித்துக்கெழம நல்ல நாளுன்னாரு. நான் வெள்ளிக்கெழமதான் வேணும்னுட்டேன். இருவத்தொன்னு. காலையில தண்ணி ஊத்தி, சீல கட்டி, மூன்றரைக்கு இங்க கூட்டியாறேன். வேற எப்பிடி அவ பாக்குறது? அதுவரைக்கும் புள்ளைய வெளிய விட மாட்டாங்க. அன்னைக்கு ஒரு நாளு மட்டும் அறுந்துராம பாத்துக்கங்க மிஸ்."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எதை வைத்துச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

பதின்மூன்று நாள்.

நவம்பர் 10, திங்கள்

பதுளை பஜாருக்குப் போய் மெமரி ஒரு துண்டு. பஸ்ஸில் பொலிஸ் செக்கிங், அடையாள அட்டையோடு அந்த மெமரிப் பெட்டியையும் காட்டச் சொன்னார்கள், இது என்ன என்று இரண்டு பேர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கம்பியூட்டருக்கு ஞாபக சக்தி என்றேன். சிரிக்கவில்லை.

மாட்டினேன். மெஷின் பறக்கிறது. வீடியோ மட்டும் பறக்கவில்லை.

கேமராவைக் கழற்றி இரண்டாம் நம்பரில் போட்டுப் பார்த்தேன். அதே. ஆக மெஷின் இல்லை. லைன் இல்லை என்கிறார் லைன்மேன். சாஃப்ட்வேரும் இல்லை, சின்னண்ணன் சொன்ன பழசைப் போட்டும் பார்த்தாயிற்று. எல்லாரும் நல்லவர்கள், படம்தான் வருவதில்லை.

நவம்பர் 12, புதன்

மழை. கரண்ட் இல்லை, பத்திலிருந்து மூன்று வரை. சும்மா உட்கார்ந்திருந்தேன். ஷட்டருக்கு எண்ணெய் விட்டேன், கடைசியில்.

நவம்பர் 14, வெள்ளி

இதை எழுதாமல் இருக்க முடியாது.

துர்கா ஒதுக்கி வைத்த அறையில், அதனால் வராது. இராமையாவும் பாக்கியமும் வருவதாக ஏற்பாடு, பஸ் பிந்திவிட்டது. மூன்றரைக்கு அழைப்பு வந்தபோது கடையில் நான் மட்டும். எடுத்தேன். கீழே மூலையில் சின்னப் பெட்டியொன்றில் நம் படம் தெரியும், அதில் நான் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தேன். அதைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் நம் பக்கப் படம் நல்லாயிருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பின்னால் திரைச்சீலை, ஃபேன் காற்றில் ஜொலிஜொலிப்பு.

சும்மா ஒரு சோதனைக்கு, விளையாட்டாகத்தான், மூன்று விரலைக் காட்டினேன்.

"அக்கா, இது எத்தன விரல்?"

அறுந்துவிட்டதோ என்று பார்த்தால், கண் சிமிட்டுகிறார்.

"அக்கா?"

"அவங்க யாரும் பக்கத்துல இருக்காங்களா மிஸ்?"

"இல்ல. இன்னும் வரல."

"அவங்க கிட்ட சொல்லிராதீங்க. எனக்கு ஒரு தடவகூட சரியா தெரிஞ்சதில்ல. கலர் கலரா கட்டம் கட்டமாத்தான் வரும். செவப்பா ஒன்னு ஆடும். மூஞ்சி எதுன்னு தெரியாது. கொரல வச்சுத்தான் யாருன்னு கண்டுபுடிப்பேன்."

"பின்ன ஏன் தெரியுதுன்னு சொல்றீங்க?"

"அவ்வளவு தூரம் எல்லாருமா எறங்கி வாறாங்க. தெரியலன்னு எப்பிடி மிஸ் சொல்றது? புள்ள ஆசையா தூக்கித் தூக்கிக் காட்டும். நான் அழகுன்னு சொன்னா அதுக்குச் சந்தோசம்." தலைத் துணியைச் சரி செய்துகொண்டு, "நான் விட்டுட்டு வரும்போது பத்து வயசு. இப்ப எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாது. சடங்கன்னைக்காவது பாத்துறணும் மிஸ்."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. பாக்கியத்தின் குரல் வாசலில். மகேஸ்வரி அக்கா உடனே முகத்தை மாற்றிக்கொண்டார்.

"தெரியுதா அண்ணி?"

"தெரியுது, தெரியுது."

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. இரண்டு வருடம் சனத்தை உட்கார வைத்து, ஒன்றுமே போய்ச் சேராத ஒன்றை நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. நிஜமாகவே வெட்கம்.

இரண்டு வருடமாகச் சொல்லாமல் இருந்தாரே என்று அவர் மேலும் கோபம். அதுவும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 15, சனி

மூளையைக் கசக்கினேன். தெரிந்தவை:
அவர் படம் நமக்கு நன்றாக வருகிறது.
நம் படம் அவருக்குப் போகவில்லை.
லைன்மேன் சொன்னது: வருகிற வேகம் சரி, போகிற வேகம் குறைவு. (அன்றைக்கு நான் காதில் வாங்காதது.)

ஆக நம்மிலிருந்து போவதில்தான் கோளாறு. போகிற வழியை அகலமாக்க முடியுமா? டெலிபோன் ஆபீசுக்குப் போன். முடியாது. பதுளைக்கே இவ்வளவுதானாம்.

ஆறு நாள்.

நவம்பர் 17, திங்கள்

க. ஐயா. கதவு, ரேடியோ, ஃபேன், திரைச்சீலை, எல்லாம் வழக்கம்போல. எனக்கு அவரோடு முகம் கொடுத்துப் பேசும் மனநிலை இல்லை. முடிந்து எழும்பும்போது தானாகவே சொன்னார்:

"தம்பி சொல்லுறான், என்ர சட்டைப் பொத்தான் ஒண்டு கழண்டு இருக்குதாம். அங்க இருந்து பாத்து எனக்குச் சொல்லுறான். விடிய வெளிக்கிட்ட எனக்குத் தெரியேல்ல."

குனிந்து பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது பொத்தான், நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, உங்கட தம்பிக்கு எப்பவும் இப்படி வடிவா தெரியுமா?"

"ஓம். ஏன் தெரியாமல்? நான் மற்றவை மாதிரி சந்தைக் கூட்டம் கூட்டிக்கொண்டு வந்து ஆடுறனானே?"

சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் ஒன்றும் எனக்கு உதவி செய்ய நினைத்துச் சொல்லவில்லை. குத்திக் காட்டத்தான் சொன்னார்.

அதே மெஷின், அதே லைன், அதே கேமரா. கனடாவில் பொத்தான் தெரிகிறது. குவைத்தில் முகம் தெரியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

சின்னண்ணனைக் கொழும்பில் அவன் கடை மெஷினில் உட்கார வைத்துச் சோதனை. பக்கத்துத் தையல் கடையிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டு என் பின்னால் நிற்க வைத்தேன்.

திரைச்சீலை இருக்கு, ஃபேன் ஓடுது, ஆட்கள் நிற்கிறார்கள்: "யாரு அங்க? மூஞ்சி தோசமாவு மாதிரி இருக்கு."

ஆட்கள் இல்லை: "இன்னும் மாவுதான். கொஞ்சம் கெட்டி."

ஃபேன் நிறுத்தினேன்: "ஆ, மூக்கு வருது."

திரைச்சீலையைக் கழற்றினேன், வெறும் சுவர், டியூப் லைட்டை முகத்துக்கு நேரே: "உன் நாடியில பரு வந்திருக்கு. ஏய், மெலிஞ்சு போயிட்டியா?"

கையை ஆட்டினேன். மாவு. நிறுத்தினேன். பரு.

பிறகு அவனே விளக்கினான், முன்னமே தெரிந்தவன்போல. கேமரா ஒவ்வொரு தடவையும் முழுப் படத்தையும் அனுப்புவதில்லையாம், எது மாறியதோ அதை மட்டும்தானாம். சுவர் மாறாது, அனுப்ப வேண்டியதில்லை. என் எட்டு மீட்டர் சிவப்புத் தங்கம் காற்றில் நெளிய நெளிய, ஒவ்வொரு மடிப்பையும் ஒவ்வொரு மினுக்கத்தையும் அது அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. நம் ஒடுங்கின வழியில் அதெல்லாம் முண்டியடித்து, முகத்துக்கு இடமில்லாமல் போயிருக்கிறது. குரலுக்கும்.

"இத ஏன்டா முதல்லயே சொல்லல?"

"நீ சீலை தொங்கவிட்டிருக்கேன்னு எங்க சொன்ன?"

சொல்லவில்லைதான். வைரஸ், மெமரி, லைன்மேன், வெர்ஷன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், என் திரைச்சீலையைத் தவிர. அழகாக இருக்கட்டும் என்று நானே மாட்டியது. அந்த அம்மா இரண்டு வருடமாய்ப் பார்த்தது என் சீலையைத்தான். "செவப்பா ஒன்னு ஆடும்."

சாப்பிடவில்லை. பிடிக்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

சுவருக்கு ஒரு கை வெள்ளை. பல்லி எச்சம் சுரண்டினேன். தோள்பட்டை வலி.

பாக்கியம் ஏற்பாடு பார்க்க வந்தாள். வெறும் சுவரைப் பார்த்ததும் முகம் மாறியது.

"எங்க மிஸ் அந்தத் தங்கச் சீல?"

"கழுவப் போட்டிருக்கேன்."

"சடங்கன்னைக்குத்தானா கழுவணும்? நான் அது இருக்குன்னுதான் மேல லயத்துல மணவற சோடிக்காமலே விட்டேன்."

அடுத்தது இன்னும் மோசம். நாளைக்கு உள்ளே பிள்ளையும் அப்பாவும் மட்டும், மற்றவர்கள் வெளியே என்றேன்.

"அத்தைக்காரி நான் வெளியவா?"

உண்மையைச் சொல்ல முடியாது. சொல்லிவிட வேண்டாம் என்று அந்தம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். "கேமரா புதுசு, ஆள் கூடினா கெட்டுப்போகும்" என்று ஒரு பொய். அவள் நம்பவில்லை. ஆலாத்தி எடுக்க வேண்டியவள் அவள், அண்ணி பார்க்க ஆலாத்தி சுற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். ஆலாத்தி. தட்டில் நெருப்போடு மூன்று சுற்று. அதைவிட ஆடுகிற பொருள் இந்த உலகத்தில் உண்டா?

அழைப்புக்கு முதலே உள்ளே எடுத்து முடித்துவிட வேண்டும் என்று பேசி முடித்தது. அவள் வாசலில் போகும்போது என் காதுபடவே: "மிஸ்ஸுக்கு என்னமோ ஆயிருச்சு. முன்ன இப்பிடி இல்ல."

ஆமாம். முன்பு எல்லாரோடும் நல்லபடி இருந்தேன், ஒன்றும் தெரியாமல்.

நவம்பர் 21, வெள்ளி

மழை இல்லை. இடி இல்லை. கரண்ட் இருக்கிறது.

ஒன்றாம் இரண்டாம் மெஷின்களை நிறுத்தினேன். கதவில் தாள் ஒட்டினேன்: 3 முதல் 4.30 வரை இன்டர்நெட் இல்லை. ஃபேன் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன், யாராவது போட்டுவிடுவார்கள் என்று பயம்.

மூன்று பத்துக்கு வந்துவிட்டார்கள். முப்பது பேர் இருக்கும். காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்காமல் பாதி டிவிசன். தட்டுகள், குடைகள், பவுடர் வாசம். நடுவில் துர்கா, அரக்குச் சேலை, கழுத்து மாலை நாடி வரை, தலை நிமிரவேயில்லை. பாக்கியம் ஆலாத்தி எடுத்தாள், என்னைப் பார்க்காமல். பிறகு எல்லாரையும் வெளியே அனுப்பினேன். அனுப்பினேன் என்று எழுதுவது சுலபம். தள்ளினேன். கம்பி ஜன்னலில் முகங்கள். முணுமுணுப்பு. "இது என்ன ஆசுபத்திரியா?" யாரோ.

மூன்று முப்பத்துநாலு. அழைப்பு.

"மகேசு, தெரியுதா?"

"தெரியுது, தெ..."

நின்றுவிட்டார். அறுந்தது என்றே நினைத்தேன். திரையைப் பார்த்தேன். கண் சிமிட்டுகிறார். வாய் திறந்தபடி இருக்கிறது.

"துர்கா, நெத்தியில அது என்ன, தழும்பு?"

"இதாம்மா? போன வருசம் தீவாளிக்குப் படியில விழுந்தேனே. கட்டோட வந்து காட்டுனேன். நீங்க பாத்துட்டு, சின்ன காயந்தான், மஞ்சப்பத்து போடுன்னு சொன்னீங்களே."

இராமையா திரும்பி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தேன்.

"அம்மா. அப்ப நீங்க பாக்கலியா?"

"இல்ல சாமி."

"மயிலு?"

"இல்ல."

"பல்லு விழுந்தது?"

"இல்ல. நீ சொல்றத கேட்டுக்கிட்டு அதுக்குத் தக்கன சொல்லிருவேன்."

பிள்ளை அழும் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் இறுகிப்போய், இடது கையைத் தூக்கி கேமராவுக்கு நேரே பிடித்தது.

"எத்தன வளையல்?"

"பன்னெண்டு. இரு, கைய அசைக்காத. பதினொன்னு. மேல இருக்கது வளையல் இல்ல, மஞ்சக் கயிறு."

துர்கா தானே எண்ணிப் பார்த்தது. நானும் எண்ணினேன். பதினொன்று.

கையை இறக்கிவிட்டு என்னிடம் கேட்டது: "ஆடுனா படம் கெட்டுருமா மிஸ்?"

"ஆமா."

"அதுக்குத்தான் எல்லாரையும் வெளிய போகச் சொன்னீங்களா?"

"ஆமா."

மாலையைச் சரி செய்தது. கை இரண்டையும் மடியில் வைத்தது. தலையை நிமிர்த்தியது, வந்ததிலிருந்து முதல் தடவையாக.

"நான் அசையாம இருக்கேம்மா. நீங்க பாருங்க."

பேசவில்லை. மகேஸ்வரி அக்காவும் பேசவில்லை. முகத்தைத் திரைக்குக் கிட்டக் கிட்டக் கொண்டு வந்தார், ஒரு கட்டத்தில் எங்களுக்கு நெற்றி மட்டும்தான் தெரிந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கும். ஜன்னலில் முணுமுணுப்பு அடங்கிவிட்டது. அவர்களுக்கு என்ன புரிந்ததோ. இராமையா மூக்கைத் துடைக்கக் கையைத் தூக்கி, பாதியில் வைத்துக்கொண்டார். துர்காவின் கன்னத்தில் தண்ணீர் ஓடியது, அதைக்கூடத் துடைக்கவில்லை.

நாலு ஐந்துக்கு அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். "போறேன்" என்றார். அவ்வளவுதான். திரை கறுப்பு.

துர்கா அப்படியே இருந்தது. "முடிஞ்சிருச்சும்மா, இனி அசையலாம்" என்று நான்தான் சொன்னேன்.

எனக்கு அழுகை வந்தது, பின்னறைக்குப் போய்விட்டேன். ஃபேன் பிளக் இன்னும் கையில்.

நவம்பர் 22, சனி

கொட்டும் மழை. லைன் செத்துவிட்டது, பச்சை விளக்கே இல்லை. டெலிபோன் ஆபீசில் யாரும் எடுக்கவில்லை. அச்செடுக்க வந்தவர்கள் வாசலிலேயே திரும்பினார்கள். எரிச்சல்.

திரைச்சீலையை மடித்தேன். தையல் கடைக்காரி கேட்கிறாள், கொடுத்துவிடலாம்.

பதினொரு மணிக்கு துர்கா. குடையோடு, தனியாக. கூட யாருமில்லை, பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தது.

"அடுத்த வெள்ளிக்கெழம அத்தையையும் உள்ள விடணும் மிஸ். பாவம், நேத்துப்பூரா சாப்பிடல."

"உங்க அத்த ஆடாம இருப்பாங்களா?"

"காலையில பழக்கிப் பாத்தேன். அர மணி நேரம் சொவத்தோட உக்கார வச்சேன். கண்ண மட்டும்தான் சிமிட்டுச்சு. அது பரவால்லியா?"

பரவாயில்லை என்றேன்.